மருதனார்மடமா, சென்னையா, ஐரோப்பாவா: இசை எழுத ஆசைப்படுற வன்னிப் பிள்ளைக்கு எது சரி

ஓ.எல் றிசல்ற் வந்தவுடன எங்கட பக்கத்துப் பெற்றோர் கேக்கிறது பயோவா, மற்ஸா, கொமேர்ஸா எண்டுதான். இடைக்கிட ஒரு பிள்ளை மட்டும் இசை எழுத வேணும் எண்டு நிக்கும். மேடையில பாடுறதுக்கில்ல, படத்துக்குப் பாட்டுப் போடுறதுக்குமில்ல. ரெண்டு வயலின், ஒரு செலோ, ஒரு புல்லாங்குழல் எண்டு வச்சு 15 நிமிசத்துக்கு ஒரு உருப்படி எழுதி, அத ஆக்கள் வாசிக்க சனம் இருந்து கேக்க வேணும் எண்டு ஆசைப்படுற பிள்ளை. நான் கிளிநொச்சியில சங்கீதம் படிப்பிக்கிற ஆள் எண்டபடியா இந்தக் கேள்வி என்னட்ட வாறது வழமை, இப்ப போனிலயே உலகத்து இசையெல்லாம் கேட்டு வளர்ற பிள்ளையள் எண்டதால கொஞ்சம் கூடவே வருது. ஒவ்வொரு தாய் தகப்பனுக்கும் துண்டு துண்டா பதில் சொல்லாம, இருக்கிற வழியள ஒண்டா வச்சுப் பாத்து எழுதுறன்.

முதல்ல அந்தத் தொழில் எப்பிடி ஓடுது எண்டு தெரிய வேணும், அது தெரியாம வழி தேடிப் பிரியோசனம் இல்ல. ஐரோப்பாவிலயும் அமெரிக்காவிலயும் கூட இந்த மாதிரி இசை எழுதுறவையில எழுதுற காசில மட்டும் சீவிக்கிறவை கொஞ்சப் பேர்தான். ஒரு குழுவோ ஒரு விழாவோ வந்து எங்களுக்கு ஒண்டு எழுதித் தாங்கோ எண்டு கேக்கும், எத்தனை நிமிசம், எத்தனை வாத்தியம் எண்டத வச்சு காசு பேசுவினம், அனேகமா பாதி முதல்ல, மிச்சம் எழுதிக் குடுத்தாப் பிறகு. அத எழுத மாதக்கணக்கு போகும். பிறகு ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனியா பாகம் பிரிச்சு பிழையில்லாம அச்சடிச்சுக் குடுக்க வேணும், பெரிய ஓர்கெஸ்ட்ராவில புது உருப்படிக்கு ஒத்திகை நேரம் கொஞ்சமாத்தான் கிடைக்கும், பாகத்தில ஒரு பிழை இருந்தா அந்த நேரமும் அதிலயே போயிடும். வாசிச்சா, ரேடியோவில போட்டா ரோயல்ற்றி எண்டு உரிமைக் காசு வரும், அதுவும் சின்னத் தொகை. ஆனபடியா மிச்ச உழைப்பு எல்லாருக்கும் வேற எங்கயோ இருந்துதான் வருது.

பிலிப் கிளாஸ் எண்டு அமெரிக்காவில ஒருத்தர், 1976ல அவற்ற ஒப்பரா, அதாவது பாட்டாலயே நடத்துற நாடகம், நியூயோர்க்கில மெட்ரோபொலிற்றன் ஒப்பரா மண்டபத்தில நடந்தது, அதுக்குப் பிறகும் ராக்சி ஓடினவர், குழாய் பூட்டுற வேலையும் செய்தவர், 40 வயசு தாண்டித்தான் இசையில மட்டும் சீவிக்க முடிஞ்சுது. சார்ள்ஸ் ஐவ்ஸ் இன்சூரன்ஸ் கொம்பனி நடத்தின மனிசன், எழுதின இசையில கனக்க பல வருசம் ஒருத்தரும் வாசிக்காமலே கிடந்தது, அவற்ற மூண்டாவது சிம்பொனி எழுதி முடிச்சு 30 வருசத்துக்கு மேல போய் 1946லதான் மேடையேறினது, அடுத்த வருசம் புலிற்சர் பரிசு குடுத்தவை. எங்களுக்குக் கிட்டவா பாத்தா வன்ராஜ் பாட்டியா. பம்பாயில 1927ல பிறந்து லண்டன் ரோயல் அக்கடமியில படிச்சு, பரிசில நாடியா பூலாஞ்சே எண்ட பேர்பெற்ற ரீச்சரிட்ட படிச்சு, திரும்பி வந்து டெல்லி யூனிவசிற்றியில மேற்கத்தேய இசை படிப்பிச்சவர். அவ்வளவு பெரிய படிப்புப் படிச்ச ஆள் சீவியத்துக்கு விளம்பரங்களுக்கு ஆயிரக்கணக்கில ஜிங்கிள் போட்டார், ஷியாம் பெனகல்ட படங்களுக்கு இசை போட்டார், எழுத ஆசைப்பட்ட ஒப்பராவ வயசு போன காலத்திலதான் எழுதினார். இந்தக் கதையள நான் பயப்படுத்தச் சொல்லேல்ல. எந்த வழியில போனாலும் பக்கத்தில ஒரு உழைப்பு இருக்க வேணும் எண்டது தோல்வியில்ல, இந்தத் தொழிலே அப்பிடித்தான் எண்டு தாய் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் முதலே விளங்க வேணும் எண்டதுக்குச் சொல்லுறன்.

நான் வழியள அளக்கிற கோல் ஒண்டுதான். பிள்ளை எழுதினத மனிசர் வாசிச்சு, அது தன்ர காதால கேக்கிற சந்தர்ப்பம் எங்க கூட? கொம்பியூட்டர் வாசிச்சுக் காட்டுறது வேற. கொம்பியூட்டருக்கு மூச்சு முட்டாது, கை நோகாது, சுருதி விலகாது. புல்லாங்குழல்காரருக்கு எங்க மூச்செடுக்க இடம் விட வேணும், செலோவில எந்த இடம் இழுக்கேக்க மங்கிப் போகும் எண்டதெல்லாம் வாசிக்கிற ஆள் பக்கத்தில இருந்தாத்தான் படிக்கலாம். செலவு, கடன், விசா எல்லாம் முக்கியம்தான், ஆனா இது இல்லாம மற்றதெல்லாம் இருந்தும் பிரியோசனமில்ல.

மருதனார்மடத்த எடுப்பம். இராமநாதன் நுண்கலைக் கழகம் எண்டு 1960ல தொடங்கி 1975ல யாழ்ப்பாணக் கம்பசோட சேர்ந்தது, இப்ப தனிப் பீடமா இருக்கு. ஏ.எல் முடிச்சு, செயன்முறைப் பரீட்சையும் செய்து எடுபட்டா படிப்புக்குக் காசில்ல, மகாபொல புலமைப்பரிசில் கிடைச்சா சாப்பாட்டுக் காசில ஒரு பங்கும் வரும். முல்லைத்தீவில இருந்து பரந்தனுக்கு வந்து பஸ் மாறிப் போற தூரம்தான், சனி ஞாயிறு வீட்ட வரலாம், பொம்பிளப் பிள்ளையள வெளியில அனுப்பப் பயப்படுற வீடுகளுக்கு இது பெரிய விசயம். குறை என்ன எண்டா அங்க இருக்கிறது வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம் எண்டு வாசிக்கிற பாடுற கலைஞர உருவாக்கிற படிப்பு, இசை எழுதுறதுக்கெண்டு தனிப் பட்டம் இல்ல. கர்நாடக சங்கீதத்தில எழுதுறது தனித் தொழிலா வளரவுமில்ல. கச்சேரிக்குக் காசு பாடுறவருக்கும் பக்கவாத்தியத்துக்கும்தான், கீர்த்தனை செய்தவருக்கு எண்டு ஒரு கவர் தனியா போறதில்ல.

ஆனா நான் வச்ச கோலால அளந்தா மருதனார்மடம் பலபேர் நினைக்கிறத விட மேல நிக்குது. காரணம் அங்க நாலு வருசம் பிள்ளையச் சுத்தி வயலின்காரர், வீணைக்காரர், மிருதங்கக்காரர், நல்ல குரல் எல்லாம் ஒரே வளவுக்குள்ள இருக்கு, எல்லாரும் அதே வயசு, ரீ வாங்கிக் குடுத்தாலே வாசிச்சுத் தருவினம். வெளிநாட்டில இதுக்குக் காசு குடுக்க வேணும். நாலு வருசத்தில தவணைக்கு ஒண்டு எழுதி வாசிக்க வச்சு றெக்கோட் பண்ணினா அதுவே கையில ஒரு தொகுப்பு. ஒரு இடத்தில மட்டும் கவனம். கர்நாடக வயலின்ர நாலு நரம்பும் ச ப ச ப எண்டு சுருதி சேத்திருக்கும், மேற்கத்தேய வயலின் அப்பிடியில்ல, நாலும் ஒண்டுக்கொண்டு ஐஞ்சு சுரம் தள்ளிச் சேத்தது. ஆகவே ஐரோப்பிய புத்தகத்தப் பாத்து ரெண்டு நரம்ப ஒண்டா இழுக்கிற மாதிரி எழுதிக் குடுத்தா எங்கட பிள்ளைக்கு அது கையில வராது, சிலது வரவே ஏலாது. அதே நேரம் எங்கட பிள்ளை இழுக்கிற கமகத்த, அதாவது சுரத்த அசைச்சு வளைக்கிறத, மேற்கத்தேய அஞ்சுகோட்டுத் தாளில எழுதிக் காட்டவும் ஏலாது, காந்தாரம் எண்டு ஒரு புள்ளி போட்டா தோடி ராகத்தில அது புள்ளியில நிக்காது. இந்த ரெண்டு பக்கத்துக்கும் நடுவில ஒரு எழுத்துமுறைய தானாக் கண்டுபிடிக்கிறதுதான் எங்கட பிள்ளையின்ர உண்மையான வேலை, அது லண்டனில ஒரு பேராசிரியரும் சொல்லித் தரப்போறதில்ல.

மட்டக்களப்பு கல்லடியில இருக்கிற சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இதே மாதிரி, இலவசம், தமிழ்மொழி. கூத்து ஆர்வம் உள்ள பிள்ளைக்கு அங்க சூழல் நல்லம். தூரம்தான் வித்தியாசம், வேற பெரிய விசயம் இல்ல.

சென்னை. இதுதான் பெற்றோர் கூட ஆசைப்படுற வழி, றகுமான்ர பள்ளிக்கூடம் எண்ட பேரும் ஒரு காரணம். கே.எம் கொன்சவேற்றரி 2008ல தொடங்கினது, மேற்கத்தேய இசை, பியானோ, கோரஸ், ஹிந்துஸ்தானி, ஒலித் தொழில்நுட்பம் எல்லாம் ஒரே கட்டிடத்தில, இங்கிலாந்தின்ர மிடில்செக்ஸ் யூனிவசிற்றியோட சேந்து போறதுக்கும் ஒரு வழி வச்சிருந்தவை. பாஷை பிரச்சினையில்ல, பலாலியில ஏறினா கொஞ்ச நேரத்தில சென்னை. ஸ்ராவ் நொட்டேசன் எண்ட அந்த அஞ்சுகோட்டு எழுத்தப் பாத்தவுடன வாசிக்கிற வயலின்காரர் அங்க இருக்கினம், கோடம்பாக்கம் ஸ்ரூடியோக்களில பழகின ஆக்கள், அந்த வேகம் எங்கட நாட்டில காண்றது கஷ்டம். இளையராஜா 2025 மார்ச் 8 லண்டனில சிம்பொனி அரங்கேற்றினாப் பிறகு தமிழாக்களும் இத எழுதலாம் எண்ட நம்பிக்கையும் சேந்திட்டுது, நானும் அதில சந்தோசப்பட்ட ஆள்தான். ஆனா அவர் அந்த மேடைக்குப் போனது அம்பது வருசத்துக்குக் கிட்ட படத்துக்கு வேலை செய்தாப் பிறகு எண்டத மறக்கக் கூடாது.

கணக்கப் பாத்தா சென்னையில பீஸ், அறை வாடகை, சாப்பாடு எல்லாம் கையால குடுக்க வேணும், ஸ்ருடன்ற் விசாவில வேலை செய்து உழைக்க ஏலாது. வன்னியில காணி வித்தோ நகை அடகு வச்சோதான் கனபேர் இதைச் செய்வினம், அது என்ர மனசுக்குச் சரியாப் படேல்ல. இன்னொரு விசயம், அங்க படிச்சு முடிக்கிற பிள்ளைக்கு முன்னால திறந்திருக்கிற கதவு படமும் விளம்பரமும் ஸ்ரூடியோவும்தான். கச்சேரி மேடைக்கு எழுதுற மேற்கத்தேய பாணி புது இசைக்கு சென்னையில சபையே குறைவு, இந்தியாவில முழுநேரத் தொழில்முறை சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா எண்டா மும்பையில 2006ல தொடங்கினதச் சொல்லலாம். பட இசைக்கு ஆசையுள்ள பிள்ளை எண்டா சென்னைக்கு ஓம் எண்டுவன், இந்தப் பிள்ளைக்கு அவ்வளவு வேகமா ஓம் சொல்ல மாட்டன். ஏற்கனவே பியானோ நல்லா வாசிச்சு, நொட்டேசன் பாத்து வாசிக்கத் தெரிஞ்சு, ஸ்கொலர்சிப்பும் கிடைச்ச பிள்ளை எண்டா கதை வேற. இந்திய அரசாங்கம் ஐ.சி.சி.ஆர் எண்ட தன்ர கலாசார அமைப்பு மூலம் இலங்கைப் பிள்ளையளுக்கு ஒவ்வொரு வருசமும் புலமைப்பரிசில் குடுக்குது, யாழ்ப்பாணத்தில துணைத் தூதரகம் இருக்கு, முதல்ல அங்க போய் விசாரியுங்கோ, காணிக் கதை பிறகு.

ஐரோப்பா எண்டா எங்கட ஆக்களுக்கு உடன மாமா சித்தப்பா ஞாபகம்தான் வரும், நோர்வேயில இருக்கினம், சுவிசில இருக்கினம், ஜெர்மனியில இருக்கினம் எண்டு. நோர்வேயில படிப்பு இலவசம் எண்டு இன்னும் கனபேர் சொல்லிக்கொண்டிருக்கினம், 2023ல இருந்து ஐரோப்பாவுக்கு வெளியில இருந்து வாற பிள்ளையளுக்கு பீஸ் வந்திட்டுது. ஜெர்மனியில அரசாங்க இசைக் கல்லூரியளில பெரும்பாலும் பீஸ் இல்ல, ஆனா பாடன் வூட்டம்பேர்க் மாநிலம் மாதிரிச் சில இடங்களில ஐரோப்பாவுக்கு வெளியில இருந்து வாறவைக்கு இருக்கு, பாடன் வூட்டம்பேர்க்கில தவணைக்கு 1500 யூரோ. ஆனா விசாவுக்கு ஒரு வருசச் செலவுக் காசு முழுசையும், இப்ப கிட்டத்தட்ட 12000 யூரோ, வங்கியில முடக்கிக் காட்ட வேணும், மாமா பொறுப்பெடுத்தாத்தான் உண்டு. நுழைவுச் சோதனையில பியானோ, காதால கேட்டு எழுதுறது, மேற்கத்தேய ஹார்மனி எல்லாம் கேப்பினம். பத்து வயசில இருந்து அதுக்குள்ள வளந்த பிள்ளையளோட எங்கட 19 வயசுப் பிள்ளை ஏ.எல் முடிச்ச கையோட போய் போட்டி போடுறது மிகக் கஷ்டம். முதற்பட்டத்துக்கு ஐரோப்பா எண்டத நான் அதாலதான் ஒதுக்குறன்.

ரெண்டாவது பட்டத்துக்கு ஐரோப்பா எண்டா அது வேற ஒப்பீடு, உண்மையில மிகப் பெறுமதி. அங்க கொம்பொசிசன் மாஸ்ரர்ஸ் படிக்கிற பிள்ளை எழுதினத அதே கல்லூரி வாத்தியக்காரப் பிள்ளையள் ஒத்திகை பாத்து வாசிச்சு றெக்கோட் பண்ணிக் குடுப்பினம், என்ர கோலுக்கு இதவிட நல்ல இடம் இல்ல. விண்ணப்பத்துக்கு அவை கேக்கிறது முக்கியமா ரெண்டு மூண்டு உருப்படியின்ர ஸ்கோரும், அதாவது எல்லா வாத்தியத்தின்ர பாகமும் ஒண்டா எழுதின தாளும், றெக்கோடிங்கும். மருதனார்மடத்தில நாலு வருசம் சேத்தது அங்கதான் கைகுடுக்கும். இங்கிலாந்துக்கு செவ்னிங் ஸ்கொலர்சிப் இருக்கு, ஒரு வருச மாஸ்ரர்சுக்கு, ரெண்டு வருச வேலை அனுபவம் வேணும், படிச்சு முடிச்சு ரெண்டு வருசத்துக்கு நாட்டுக்குத் திரும்பி வர வேணும். போட்டி கடுமைதான். எண்டாலும் பள்ளிக்கூடத்தில சங்கீதம் படிப்பிச்ச ரெண்டு வருசமும் வேலை அனுபவம்தான் எண்டத எங்கட ஆக்கள் யோசிக்கிறதில்ல.

இன்னொரு வழிய ஒருத்தரும் இசை வழி எண்டு பாக்கிறதில்ல, எனக்கு அதில நல்ல மதிப்பு இருக்கு. பிள்ளைக்கு மற்ஸ் ஓடுது எண்டா கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கிற யாழ்ப்பாணக் கம்பஸ் பீடத்தில இன்ஜினியரிங் படிச்சு, இல்லாட்டி வவுனியாவில ஐ.ரி படிச்சு, வேலையோட இசை எழுதுறது. ஐவ்ஸ் செய்தது இதுதான். பட்டம் முடிச்சு அரசாங்க நியமனம் வருமட்டும் காத்திருந்து ரோட்டில போராடுற பட்டதாரியள வருசா வருசம் பாக்கிறம்தானே, சங்கீதப் பட்டதாரியும் அதுக்குள்ளதான். சம்பளம் வாற பிள்ளை தானே காசு குடுத்து நாலு வாத்தியக்காரர வச்சு தன்ர உருப்படிய வாசிப்பிக்கலாம். குறை எண்டா நேரம், பிறகு கூட்டாளியள். வேலை முடிஞ்சு வந்து ராவில தனியா இருந்து எழுதுறவருக்கு தன்ர பிழைய காட்டுற காது பக்கத்தில இருக்காது, ஐவ்சுக்கும் அதுதான் நடந்தது. ஸ்ரூடியோ போட்டு பக்திப்பாட்டு, கலியாண வீடியோ பாட்டு எண்டு உழைக்கிறவையும் இருக்கினம், சீவிக்கலாம், அது நேர்மையான உழைப்பு. ஆனா எழுதுற கையும் அதே வேலையில களைச்சுப் போயிடும் எண்டதால இந்தப் பிள்ளைக்கு நான் அதைச் சொல்லுறதில்ல.

இனி எல்லா வழியிலயும் கைவிடக் கூடாத ஒண்டு சொல்லுறன், இதுதான் எனக்கு நெஞ்சில கிடக்கிற விசயம். வன்னியில வாசிக்க ஆக்கள் இல்ல எண்டு சொல்லுறதுதான் பிழை. பள்ளிக்கூடத்து பாண்ட் வாத்தியக் குழுவில ட்ரம்பெற் ஊதுற பிள்ளையள் இருக்கினம். மன்னார்ப் பக்கம் கோயில் கோரஸ் நாலு குரலில பாடும், தவக்காலத்தில பசாம் எண்டு யேசுவின்ர பாடுகளப் பாடுற கிழவியளின்ர குரல் இருக்கு. கோயில் திருவிழாவுக்கு வாற நாதஸ்வர தவில் செற் இருக்கு. வற்றாப்பளையில வைகாசிப் பொங்கலுக்கு பறை முழங்குறதும் கண்ணகி கதை பாடுறதும் இருக்கு. முல்லைமோடி கூத்து ஆடுற அண்ணாவிமார் இன்னும் இருக்கினம், அவையின்ர தாளக்கட்ட ஆராவது அஞ்சு பக்கமாவது எழுதி வச்சிருக்கினமா? பார்ட்டோக் எண்ட இசையமைப்பாளர் ஹங்கேரியில ஊர் ஊராப் போய் பொனோகிராப்பில கிராமத்துச் சனத்தின்ர பாட்டப் பதிஞ்சுதான் தன்ர இசைய உருவாக்கினவர், சம்பளம் வந்தது 1907ல இருந்து புடாபெஸ்ற் அக்கடமியில பியானோ படிப்பிச்சு. தான் டுன் எண்ட சீனக்காரர் கலாசாரப் புரட்சி காலத்தில வயலில நாற்று நட அனுப்பப்பட்ட ஆள். அங்க கிராமத்துச் சனத்தச் சேத்து சட்டி பானையும் தட்டி கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் இசை நடத்தினவர். பிறகு பெய்ஜிங் கொன்சவேற்றரி, 1986ல நியூயோர்க், 2001ல ஒஸ்கார். அவர் நியூயோர்க்குக்கு கொண்டு போனது அந்த வயலையும் அந்தச் செத்த வீட்டையும்தான்.

மெசியான் எண்ட பிரான்சுக்காரர் ஜெர்மன்காரர்ட சிறைமுகாமில இருக்கேக்க அங்க அம்பிட்டது ஒரு வயலின்காரர், ஒரு கிளாரினெற்காரர், ஒரு செலோக்காரர், பியானோவுக்கு தான். அந்த நாலு பேருக்கு எழுதி 1941 ஜனவரி 15 அந்த முகாமிலயே வாசிச்சவை, இண்டைக்கும் உலகம் முழுக்க வாசிக்கினம். மெனிக் பாம் கண்ட எங்கட சனத்துக்கு முகாம் எண்டா என்ன எண்டு விளக்கத் தேவையில்ல. பக்கத்தில இருக்கிற ஆளுக்கு எழுதிறதுதான் இந்தத் தொழில்ர அடிப்படை, இல்லாத ஓர்கெஸ்ட்ராவுக்கு 19 வயசில சிம்பொனி எழுதி லப்டொப்பில வச்சிருக்கிறதில்ல.

ஆகவே என்ர முடிவு இது. மற்ஸில பெரிசா நாட்டமில்லாத, குரலோ வாத்தியமோ ஏற்கனவே கையில உள்ள பிள்ளைக்கு மருதனார்மடம், அதோட சேத்து வெளியில ஏ.பி.ஆர்.எஸ்.எம் எண்ட இங்கிலாந்து இசைச் சோதனையில தியறி, குறைஞ்சது கிரேட் 5 வரைக்கும், ஏனெண்டா அந்தச் சோதனையில கிரேட் 6ல இருந்து மேல வாத்தியச் சோதனை எடுக்க அனேகமா அது வேணும், வெளிநாட்டு விண்ணப்பத்திலயும் ஒரு அத்தாட்சி. 25, 26 வயசில மாஸ்ரர்சுக்கு வெளியில விண்ணப்பிக்கலாம். மற்ஸ் நல்லா ஓடுற பிள்ளைக்கு அறிவியல் நகர், ஆனா வாசிக்கிற ஆக்களோட சேந்திருக்க ஒரு குழுவ முதல் வருசமே பிடிக்க வேணும் எண்ட நிபந்தனையோட. சென்னை ஸ்கொலர்சிப் கிடைச்சா மட்டும். காணி வித்து எங்கயும் வேண்டாம்.

வயசக் கணக்குப் பாத்துக்கொள்ளுங்கோ. புது இசையமைப்பாளருக்கான பெரிய போட்டியளுக்கு வயசெல்லை இருக்கு, நெதர்லாந்தில கவுதியாமுஸ் 30, ஜப்பானில தகெமிற்சு பரிசு 35. சில போட்டியளுக்கு நுழைவுக் காசு கேப்பினம், எங்கட காசுக்கு மாத்தினா அது நெருப்பு விலை, காசு கேக்காததுகள முதல்ல தேடுங்கோ. ஸ்கோர் எழுத மியூஸ்ஸ்கோர் சொப்ட்வெயார் இலவசம், காப்புரிமை முடிஞ்ச பழைய ஆக்களின்ர ஸ்கோர் ஐ.எம்.எஸ்.எல்.பி எண்ட தளத்தில இலவசமா இருக்கு, லப்டொப் ஒண்டும் டேற்றாவும் போதும். எழுதின ஒவ்வொரு தாளிலயும் பேரும் திகதியும் போடுங்கோ, இலங்கைச் சட்டத்தில, 2003ம் ஆண்டு 36ம் இலக்கச் சட்டம், எழுதினவருக்கு சீவிய காலமும் பிறகு 70 வருசமும் உரிமை இருக்கு. ஆரும் நாட்டிய நாடகத்துக்கு இசை கேட்டு வந்தா, வெளிநாட்டில இருந்து அரங்கேற்றத்துக்கு கேட்டு வந்தாலும்தான், எத்தனை தரம் பாவிக்கலாம், றெக்கோடிங் ஆருக்குச் சொந்தம் எண்டத தாளில எழுதி கையெழுத்து வாங்கிப்போட்டு வேலையத் தொடங்குங்கோ.